'பணம் அப்புறம்' என்று ஒப்பந்தம் வந்தால்: டிஜிட்டல் ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் வியாபாரம் செய்பவரிடம் 60 நாள் கடனுக்குச் சரக்கு கேட்டுப் பாருங்கள். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லமாட்டார். கேட்பவர் யார், ஏற்கெனவே யாருக்குப் பாக்கி வைத்திருக்கிறார், ரொக்கத்துக்கு என்ன விலை, கடனுக்கு என்ன விலை என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அதே பக்கத்தில், காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ வீட்டில் உட்கார்ந்து டேப்லெட்டில் படம் வரைந்து தருகிறவர்களுக்கு 'வேலை முடிந்து 90 நாளில் பணம்' என்று ஓர் ஒப்பந்தம் வந்தால், தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதிவிடுகிறார்கள். பணத்தைப் பின்னால் தருகிறேன் என்பவர் உங்களிடம் கடன் கேட்கிறார். அதைக் கடனாகப் பார்க்காததுதான் பெரிய தவறு, மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்தவை.

ஒப்பந்தத்தில் தொகைக்கு முன்னால் பார்க்க வேண்டியது, பணம் எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை. தேதியோடா, அல்லது ஏதோ ஒன்று நடப்பதோடா? 'கேம் வெளியானதும்', 'முதலீடு வந்ததும்', 'எங்கள் கிளையன்ட் எங்களுக்குக் கொடுத்ததும்' என்று எழுதியிருந்தால் அதில் கெடுவே இல்லை. கேம் வெளிவராமலே போகலாம். முதலீட்டாளர் பின்வாங்கலாம். நீங்களோ 40 படங்களை வரைந்து கொடுத்து முடித்திருப்பீர்கள். இப்படிப்பட்ட வரியை அடித்துப் போடச் சொன்னால் பலர் முறைத்துக்கொள்வார்கள். அதனால் அடிக்கச் சொல்லாமல் ஒரு வால் சேர்க்கச் சொல்லுங்கள்: 'கேம் வெளியாகும் நாள், அல்லது இறுதிக் கோப்புகளை ஒப்படைத்த நாளிலிருந்து 45-ஆம் நாள், இதில் எது முன்னதோ அன்று.' நேர்மையாகத் தர நினைப்பவர் இதை மறுக்கக் காரணமே கிடையாது. மறுத்தால், அவர் கேட்பது உங்கள் உழைப்பை முதலீடாக. முதலீடு என்றால் வருமானத்தில் பங்கு எவ்வளவு, கணக்கை யார் காட்டுவார் என்ற பேச்சு தனியாக நடக்க வேண்டும்.

'இறுதி ஒப்புதலுக்குப் பின்' என்பதும் இதே குடும்பம்தான். ஒப்புதல் தராமலே மாதக்கணக்கில் இழுக்கலாம் அல்லவா? இரண்டு முறைதான் திருத்தம், ஏழு நாளில் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்று எழுதிவிடுங்கள்.

நாள் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. '60 நாள்' என்பது பில் தேதியிலிருந்தா, மாதக் கடைசியிலிருந்தா? ஜூன் 3-இல் பில் போட்டால் முதல் கணக்கில் ஆகஸ்ட் 2. இரண்டாவது கணக்கில் ஆகஸ்ட் 29. ஒரே சொல், 27 நாள் வித்தியாசம்.

அப்புறம் விலை. ரொக்கத்துக்கும் கடனுக்கும் ஒரே விலை சொல்வது நம் ஓவியர்கள் பலரிடம் காணும் பழக்கம். 60,000 ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். வரைய இரண்டு மாதம், கெடு மூன்று மாதம், ஆக ஐந்து மாதம் கழித்துத்தான் முதல் ரூபாய். அதுவரை வாடகையும் டேப்லெட்டின் இ.எம்.ஐ.யும் நிற்காது. அதற்காக 40,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டும் 4,000. ஆகவே பதில் எழுதும்போதே இரண்டு விலை கொடுங்கள்: மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி ஒப்படைக்கும்போது என்றால் 60,000, 90 நாள் என்றால் 68,000. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சட்டத்தில் நமக்குச் சாதகமான ஓர் ஏற்பாடு இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை. தனியாளாகப் படம் வரைந்து சம்பாதிப்பவரும் மத்திய அரசின் 'உத்யம்' பதிவுத் தளத்தில் குறு நிறுவனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது (பணம் கேட்கும் தளம் போலி). 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, இப்படிப் பதிவு செய்தவரிடம் வேலை வாங்கிய நிறுவனம், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். கெடுவே எழுதாவிட்டால் 15 நாள். ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கில், மாதக் கூட்டு வட்டி. 20,000 ரூபாய் பாக்கிக்காக யாரும் வழக்கு, கவுன்சில் (இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் அமைப்பு) என்று அலையப் போவதில்லை, உண்மைதான். ஆனால் கெடு தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவை நிறுவனம் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். அதனால் பில்லில் உத்யம் எண்ணைப் பார்த்தாலே கணக்குப் பிரிவில் கொஞ்சம் அசைவு தெரியும். வேலை தொடங்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். பாக்கி விழுந்த பிறகு செய்யும் பதிவை நம்பி இருக்க முடியாது. வெளிநாட்டு கிளையன்ட்டிடம் இந்தச் சட்டம் செல்லாது. அங்கே அப்வொர்க் போன்ற தளங்களில் பணத்தை முன்கூட்டியே பிடித்து வைக்கும் தவணை முறைதான் பாதுகாப்பு.

உரிமையைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றுமே இல்லையென்றால் படம் நம்முடையதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஆபத்தான நினைப்பு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், ஒருவர் பணம் பேசி வரையச் சொன்ன ஓவியத்துக்கும் உருவப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். கணினியில் வரைந்ததும் ஓவியமே என்று அவர் வாதாடினால், பணம் தராமலே உரிமை கேட்கும் நிலை வரும். 'முழுத் தொகையும் வந்து சேரும்வரை பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்' என்ற ஒரு வரி இதைத் தடுக்கும். தள்ளிப்போட்ட பணத்துக்கு இதைவிட நல்ல ஈடு நம் கையில் இல்லை. லேயர் பிரித்த மூலக் கோப்பையும் கடைசித் தவணைக்குப் பிறகு அனுப்பினால் போதும். அதுவரை நீர்முத்திரை போட்ட சிறிய படம்.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் பில் போட்டாலே வரி கட்டும் பொறுப்பு வந்துவிடும், பணம் வந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாமல் பதிவும் செய்யாதவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கு வைத்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், 60,000 என்பது கையில் 54,000 ஆகத்தான் வரும்.

நம்பிக்கைக்காகப் பின்தேதி போட்ட செக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பெட்டியில் போட்டு மறந்துவிடாதீர்கள். அதிலுள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். செக் எதுவும் இல்லாத வெறும் பாக்கிக்கு, கெடு முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் 'இவ்வளவு தர வேண்டியிருக்கிறது' என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், அந்த மூன்று ஆண்டு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆகவே பாக்கியை நினைவூட்டும்போது 'எப்போ சார் கிடைக்கும்?' என்பதோடு நிறுத்தாமல், தொகையைக் குறிப்பிட்டு, கையெழுத்தோடு ஒரு பதில் கடிதம் கேட்டு வாங்குங்கள்.