ஃபேன்டஸி நாவலைத் திருத்தி எழுதுகிறீர்களா? தண்ணீரில் தொடங்குங்கள்

நவம்பர் எழுத்துச் சவாலில் 30 நாளில் 50,000 சொல் என்றால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,667. பழைய ஃபேன்டஸி நாவலைத் தூசி தட்டி எடுப்பவர்கள் பலர் முதல் வாரத்தை வரைபடத்திலும் ராஜவம்சப் பட்டியலிலும் கரைத்துவிடுகிறார்கள். அதெல்லாம் இப்போது வேண்டாம். ஒரே கேள்வி போதும்: உங்கள் தலைநகருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. புழலும் செம்பரம்பாக்கமும் போதாமல், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் வீராணத்திலிருந்து குழாயில் கொண்டுவருகிறோம். அந்தக் குழாயை உங்கள் ராஜ்ஜியத்தில் போட்டுப் பாருங்கள். வழியிலுள்ள ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? மதகுச் சாவி யார் இடுப்பில்? மந்திரவாதி மழையை வரவழைத்தால், வண்டியில் தண்ணீர் விற்பவன் பிழைப்பு என்னாவது? (வில்லன் பெரும்பாலும் இங்கேயே சிக்குவான்.)

அப்புறம், பழைய பிரதியை வரிவரியாகத் திருத்தாதீர்கள். ஒரு அத்தியாயத்தைப் படித்து, மூடிவிட்டு, புதிதாக எழுதுங்கள். நடுவில் ஊர்ப்பெயரோ நாணயத்தின் பெயரோ தோன்றாவிட்டால் '@@' என்று போட்டுவிட்டு மேலே போங்கள். டிசம்பரில் அந்தக் குறியைத் தேடினால் விட்ட இடமெல்லாம் வரிசையாகக் கிடைத்துவிடும்.