கப்பல் போகும் பாதையை மாற்றிவிட்டார்களா?

க்ரூஸ் பயணத்துக்குப் பணம் கட்டிய பிறகு "பயணத் திட்டத்தில் மாற்றம்" என்று மின்னஞ்சல் வருவது அபூர்வமில்லை. 2024-ல் செங்கடலைத் தவிர்க்க வேண்டி வந்தபோது பல பயணிகளுக்கு இப்படித்தான் வந்தது.

துறைமுகத்தை மாற்றவும் விட்டுவிடவும் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று டிக்கெட் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் எழுதியிருக்கும். அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். முழுத்தொகை கட்டும் கடைசித் தேதி வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். வரவில்லையென்றால், வழக்கமாக முன்பணத்தைத் தாண்டி நஷ்டமில்லாமல் ரத்து செய்யலாம். தேதி தாண்டியிருந்தாலும் கேளுங்கள்: வேறு தேதிக்கு மாற்றித் தருவீர்களா, கப்பலில் செலவழிக்கக் கிரெடிட் உண்டா? எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பேக்கேஜாக வாங்கியவர்களுக்கு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. புறப்படும் முன் முக்கிய அம்சங்கள் கணிசமாக மாறினால், ரத்துக் கட்டணமின்றி விலகலாம். பதில் சொல்லக் கெடு வைப்பார்கள், அதைத் தவறவிடக் கூடாது. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறுவோருக்கான பணம் திருப்பும் விதி, புறப்பாடு ரத்தானால் அல்லது 3 நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போனால்தான் பொருந்தும்; ஒரு ஊர் விடுபட்டதற்கு அல்ல.

விடுபட்ட துறைமுகத்தின் வரியும், அந்த ஊரைச் சுற்றிப் பார்க்கக் கப்பல் கம்பெனியிடமே பதிவு செய்த சுற்றுலாவின் பணமும் பொதுவாகத் திரும்பும். பில்லில் சரிபாருங்கள். வெளியாரிடம் பதிவு செய்ததை நீங்கள்தான் ரத்து செய்ய வேண்டும், அதுவும் மாற்றம் தெரிந்த அன்றே.