மூன்று கம்பி போதும்

இணையப் பாடங்களைப் பார்த்து புளூஸ் கிட்டார் ஓரளவு பழகியவர்கள், வெஸ்டர்ன் ஸ்விங் பக்கம் வந்ததும் தடுமாறுவது தாளத்தில்தான். 1930களில் டெக்சஸ், ஓக்லஹோமா நடன அரங்குகளில் வளர்ந்த இசை இது. ஆடுபவர்களின் காலுக்குத்தான் கிட்டார் வேலை செய்தது. அதனால் சோலோ பாடங்களைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.

ஆறு கம்பியையும் அடிக்க வேண்டாம். 6ஆவது, அதாவது ஆகத் தடித்த கம்பியில் 3ஆவது ஃபிரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கோடு), 4ஆவதில் 2, 3ஆவதில் 4. இது ஜி சிக்ஸ்த் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு. நடுவில் இருக்கும் 5ஆவது கம்பியை, தடித்த கம்பியை அழுத்தும் விரலின் நுனியே லேசாகத் தொட்டு ஊமையாக்கிவிடும். 4ஆவது கம்பியின் சுரத்தை மட்டும் ஒரு ஃபிரெட் மேலே ஏற்றினால் ஜி செவன்த். 6ஆவது கம்பி விரல் 8ஆவது ஃபிரெட்டுக்கு வரும்படி இதே வடிவத்தை அப்படியே நகர்த்தினால் சி, 10ஆவதில் டி. இந்த மூன்று கார்டுகளில் சுழலும் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) புளூஸ் கைக்கு வந்துவிட்டது!

அடித்தவுடன் இடக்கையைத் தளர்த்துங்கள். விரலை எடுக்கக் கூடாது, அழுத்தத்தை மட்டும் விட வேண்டும். ‘சக்’கென்று ஒலி அறுபடும்.

அப்புறம் மெட்ரோனோம், சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவி. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் வாசிக்க 60இல் வைத்து, அந்தச் சத்தத்தை 2ஆவது, 4ஆவது தட்டாக எண்ணுங்கள். முதல் இரண்டு நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். பாட வீடியோவை 0.75 வேகத்தில் ஓடவிட்டுக் கூடவே வாசியுங்கள், பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடாதீர்கள்.