சிவந்த தண்ணீரும் மத்தங்காய் எரிசேரியும்: நிறத்தைப் பார்த்துச் செய்யும் தவறுகள்

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால், பெரும்பாலும் சோற்றுக்கு முன்னால் ஒரு டம்ளர் இளஞ்சிவப்புத் தண்ணீர் வந்துவிடும். பதிமுகம் என்ற மரக்கட்டை போட்டது. நிறத்தைப் பார்த்ததும் "கொதிக்க வச்ச வெள்ளம்தான்" என்று நம்பிக் குடிக்கிறோம். தவறு அங்கேயே தொடங்குகிறது. பதிமுகக் கட்டையில் உள்ள பிரேசிலின் என்ற சாயம் கொஞ்சம் இறங்கினாலே தண்ணீர் சிவக்கும். கெட்டியாகக் காய்ச்சியதில் பச்சைத் தண்ணீரைக் கலந்தாலும் நிறம் இருக்கும், கிருமியும் இருக்கும். எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு மஞ்சளாகும். அது புளிப்பின் வேலை, தண்ணீர் கெட்டுப்போனதால் அல்ல.

எல்லா நிறமும் ஒரே குணம் என்று நினைப்பது இன்னொன்று. சிவப்புத் தண்டங்கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுகிறவர்கள் உண்டு. அந்தச் சிவப்பு பீட்டாசயனின் என்ற நிறமி; தண்ணீரோடு போய்விடும், கூடவே வைட்டமின் சியும் ஃபோலேட்டும் போகும். அதே இலையில் இருக்கும் மஞ்சள் நிறமியான பீட்டா கரோட்டினோ தண்ணீருக்கு அசையாது, அதற்கு எண்ணெய்தான் வேண்டும். தேங்காய்த் துருவலோடு இலையின் ஈரத்திலேயே வேகும் தோரன் இரண்டையும் காப்பாற்றிவிடுகிறது. (சிறுநீரகக் கல் உள்ளவர்கள் டாக்டர் சொல்லி வடிப்பது வேறு விஷயம்.)

கொழுப்புக்குப் பயந்து மத்தங்காய் (மஞ்சள் பூசணி) எரிசேரியில் தேங்காயை அடியோடு நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கொழுப்பு துணைக்கு இல்லாவிட்டால் கரோட்டின் குடலில் சரியாக ஏறாது. ஏறினால்தானே உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும்? எண்ணெய் மிதக்க வேண்டாம், ஒரு ஸ்பூன் போதும். காய் மஞ்சளாக இருந்தால்தான் கரோட்டின் என்றும் இல்லை. முருங்கைக்கீரையில் பச்சை அதை மூடி வைத்திருக்கிறது.

கத்தரிக்காயின் ஊதா தோலில், சிவப்பரிசியின் சிவப்பு தவிட்டில். சீவியும் தீட்டியும் எறிந்துவிட்டால் அவ்வளவுதான்.

காயில் நல்லது என்றால் மாத்திரையில் இன்னும் நல்லது என்று போடும் கணக்குதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது! காய்கறி அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த நோய் குறைவு என்பதைப் பார்த்துத்தான் ஆய்வையே தொடங்கியிருந்தார்கள். மஞ்சளும் அப்படித்தான். அதிலுள்ள குர்குமின் உடம்பில் எளிதில் ஏறாது, மிளகு சேர்ந்தால் கூடுதலாக ஏறும். ரசத்தில் இருக்கும் அளவுக்குப் பயமில்லை. ஆனால் மஞ்சளையும் மிளகுச் சத்தையும் செறிவாக அடைத்த மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு.

அப்புறம், நாள்தோறும் பப்பாளியும் மத்தங்காயுமாகத் தின்று உள்ளங்கை மஞ்சளானால், காமாலை என்று பதறிக் கீழாநெல்லி பறிக்க ஓடாதீர்கள். கண்ணாடியில் கண்ணைப் பாருங்கள். வெள்ளைவிழி வெள்ளையாகவே இருந்தால் அது கரோட்டின் படிந்ததாக இருக்கலாம். சில வாரம் குறைத்தால் போய்விடும். கண்ணும் மஞ்சளாக இருந்தால் கீழாநெல்லி வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.