வயதுவந்தோருக்கான ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கேம்): கடை விதி மாறினாலும் கேம் உடையாமல் இருக்க

2025 ஜூலையில், பணப் பரிவர்த்தனை நிறுவனங்களின் விதியை மீறும் உள்ளடக்கத்துக்கு இடமில்லை என்று ஆன்லைன் கேம் கடையான ஸ்டீம் தன் விதிகளில் சேர்த்தது, அதே மாதம் இன்னொரு கேம் கடையான இட்ச்.ஐஓ பாலியல் உள்ளடக்கமுள்ள கேம்களைத் தேடலில் வராமல் மறைத்தது. கடை சம்மதித்தாலும் கார்டு நிறுவனம் முறைத்தால் அவ்வளவுதான். முன்கூட்டியே சொல்லவும் மாட்டார்கள்.

அதனால் கேமைக் கட்டும்போதே பிரித்துக் கட்டுங்கள். ஆர்பிஜி மேக்கர் என்ற கேம் உருவாக்கும் மென்பொருள் என்றால் ஒவ்வொரு வெளிப்படையான பாலியல் காட்சியையும் தனி காமன் ஈவென்ட்டாக (எங்கிருந்தும் அழைக்கக்கூடிய நிகழ்வு) வையுங்கள், அந்தக் குவெஸ்ட்டின் முடிவைக் காட்சி தொடங்கும் முன்பே வேரியபிளில் (கேம் ஒரு மதிப்பை நினைவில் வைக்கும் இடம்) எழுதிவிடுங்கள், அப்போதுதான் நாளைக்கு அந்தக் காட்சியை எடுத்தாலும் கதை நடுவழியில் நிற்காது. எடுக்கும்போது ஈவென்ட்டை அழித்து மற்ற ஈவென்ட்களின் எண்களை மாற்றாதீர்கள், உள்ளே காலியாக்கினால் போதும், பழைய சேவ் பிழைக்கும். காட்சியை இயக்கும் ஸ்விட்ச்சை அணைப்பது மட்டும் போதாது, படக் கோப்புகளும் பில்டிலிருந்து (கடைக்கு அனுப்பும் கேம் தொகுப்பு) வெளியேற வேண்டும் (இதைத்தான் பலர் மறக்கிறார்கள்).

பாத்திரங்கள் எல்லோரும் 18 தாண்டியவர்கள், தோற்றத்திலும் அப்படியே. இதில் பேரமே வேண்டாம். நிஜ மனிதர்களின் சாயலும் வேண்டாம்.

ஸ்டீமின் உள்ளடக்கப் படிவத்தில் எதையும் மழுப்பாமல் எழுதுங்கள், ஏஐ படம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், 2024 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். அப்புறம், கடை கேமை நீக்கினாலும் தொடர்பு அறாமல் இருக்க, விளையாடுபவர்களின் மின்னஞ்சல் பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும். சமர்ப்பிக்கும் நாளன்று இருந்த விதிப் பக்கத்தையும் சேமித்து வையுங்கள், முறையீடு எழுதும்போது தேவைப்படும்.