கடலூர் மழையிலும் மார்கழிப் பனியிலும் தொட்டித் தங்க மீன்களைக் காப்பது எப்படி?

குளிர்காலத் தங்க மீன் வளர்ப்பு பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை, குளத்தின் மேற்பரப்பு உறைந்துவிடும் நாடுகளில் வாழ்பவர்களுக்காக எழுதப்பட்டவை. நீர் 4 டிகிரி செல்சியஸில் மிக அடர்த்தியாகி அடியில் தங்கிவிடுவதால், மேலே பனிக்கட்டி மூடினாலும் ஆழமான குளத்தில் மீன்கள் அடியில் அசையாமல் கிடந்து குளிரைக் கழிக்கின்றன. 10 டிகிரிக்குக் கீழே போனால் அங்கே இரை போடுவதையே நிறுத்திவிடுவார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழி விடியற்காலையில்கூடக் காற்றின் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். கெண்டை இனத்தைச் சேர்ந்த தங்க மீனுக்கு அது இதமான குளிர். சித்திரை வெயில்தான் அதற்குச் சோதனை. எனவே ஹீட்டருக்குச் செலவழிக்க வேண்டாம். நம் பக்கத்தில் மீன்கள் சாவதற்குக் காரணம், ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டி நீரின் தன்மை ஒரே இரவில் மாறிவிடுவதும், அதைக் கண்டு பதறி நாம் செய்யும் காரியங்களும்தான்.

படி 1: தொட்டியின் அளவும் வடிகுழாயும்

நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் ஆகிய மூன்றையும் அடிக்கணக்கில் அளந்து பெருக்கி, வரும் எண்ணை 28ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைத்துவிடும். 4 அடி நீளமும் 3 அடி அகலமும் இரண்டரை அடி நீரும் உள்ள சிமெண்ட் தொட்டி ஏறக்குறைய 850 லிட்டர் கொள்ளும். இத்தொட்டியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், இருக்கும் நீரில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் புதிதாகச் சேர்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அதாவது பாதித் தொட்டிக்கும் மேலான மழைநீர்.

ஆகவே விளிம்புக்கு அரையடி கீழே ஒரு வடிகுழாய் கட்டாயம் வேண்டும். குழாயின் வாயில் கொசுவலையை இறுக்கிக் கட்டுவது பலரும் செய்யும் தவறு. ஒரே ஒரு பூவரசு இலை ஒட்டிக்கொண்டால் போதும், வழி அடைபட்டு நீர் விளிம்பைத் தாண்டும், மீனும் கூடவே தெருவுக்குப் போகும். துளைகள் நிறைந்த சிறு பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் குழாயின் வாயை மூடியவாறு பொருத்திவிட்டால், ஒரு பக்கம் இலை அடைத்தாலும் மறுபக்கம் நீர் வடியும். தெருவெள்ளம் உள்ளே புகாதபடி, தொட்டியின் விளிம்பு தரைக்கு மேல் ஓரடியாவது உயர்ந்திருக்க வேண்டும்.

படி 2: கிளிஞ்சல் மூட்டை

மழைநீரில் தாதுக்கள் அநேகமாக இல்லை. அது கலக்கும்போது, கழிவால் உண்டாகும் அமிலத்தைத் தாங்கும் சக்தி தொட்டி நீருக்குக் குறைந்துபோய், பி.எச். அளவு (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) திடீரென்று இறங்குகிறது. இதற்கு நம் கடற்கரையிலேயே மருந்து இருக்கிறது. இரண்டு கைப்பிடிக் கிளிஞ்சல்களை நன்றாகக் கழுவி, வெங்காய வலைப்பையில் கட்டி, நீர் ஓடும் இடத்தில் போட்டுவிடுங்கள். நீர் அமிலமாகும்போது கிளிஞ்சல் மெல்லக் கரைந்து அதைச் சரிசெய்யும். அதே கிளிஞ்சலைச் சுட்டுச் செய்த சுண்ணாம்பை மட்டும் ஒருபோதும் போட்டுவிடாதீர்கள், பி.எச். சட்டென்று ஏறினால் நீரிலிருக்கும் அம்மோனியா கொடிய நஞ்சாக மாறிவிடும்.

படி 3: இரை

வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணிவாக்கில், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். அடைமழை நாளில் போடவே வேண்டாம். நலமாக உள்ள வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். தின்னாமல் அழுகும் இரையைத்தான் அதனால் தாங்க முடியாது.

படி 4: புயலும் மின்வெட்டும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு, கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. ஏர் பம்பை நம்பி நெருக்கமாக மீன் விட்டிருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே, மழை படாத திண்ணையில் வையுங்கள். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் நீர் குழாய் வழியே திரும்பி ஏறிப் பம்பைக் கெடுத்துவிடும். மின்சாரம் இல்லாதபோது, செம்பால் நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து பத்து நிமிடம் ஊற்றிக்கொண்டிருந்தாலே மீன்களுக்கு மூச்சு வரும். விழுந்த வேப்பிலைகளையும் தென்னம்பூக்களையும் அன்றன்றே அள்ளிவிடுங்கள். அவை அழுகும்போது ஆக்சிஜனை உறிஞ்சிவிடும்.

படி 5: வெண்புள்ளி நோய்

இதை என் இழப்பிலிருந்து சொல்கிறேன். ஒரு கார்த்திகையில் மூன்று நாள் மழைக்குப் பின் என் ஏழு மீன்களும் மூலையில் ஒடுங்கி நிற்பதைக் கண்டு பயந்து, நீர் முழுவதையும் இறைத்துவிட்டு, அப்போதே ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பினேன். நான்காம் நாள் காலை ஒரு மீனின் வாலில் ரவைத் துகள் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தெரிந்தன. அது பக்கவாட்டில் திரும்பி, சிமெண்ட் சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. இரண்டு மீன்களை இழந்தேன். ஒரே நேரத்தில் கால் பங்குக்கு மேல் நீர் மாற்றக்கூடாது என்பதை அன்று கற்றேன். நகராட்சிக் குழாய் நீரானால், குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

அந்தப் புள்ளிகளுக்குள் இருப்பது ஓர் ஒட்டுண்ணி. தோலுக்கு அடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தீண்டாது. உதிர்ந்து, பெருகி, நீரில் நீந்தும் பருவத்தில்தான் அழிக்க முடியும். நீர் குளிர்ந்திருந்தால் அந்தச் சுழற்சி நீளுமாகையால், புள்ளி மறைந்ததும் சிகிச்சையை நிறுத்தக்கூடாது. லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு என்று கணக்கிட்டு, 850 லிட்டருக்கு 1.7 கிலோவை வாளி நீரில் கரைத்து, ஒன்றரை நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, எனவே வெளியேற்றிய நீருக்கு, அல்லது மழையில் வழிந்துபோன நீருக்கு மட்டுமே மறுபடி சேர்க்க வேண்டும். அல்லி, தாமரை இருந்தால், நோயுற்ற மீன்களோடு மற்ற மீன்களையும் சேர்த்து வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு அங்கே உப்பிடுங்கள். கடைசிப் புள்ளி மறைந்து இரண்டு வாரம் கழிந்ததும், மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றி உப்பைக் குறைத்து வாருங்கள்.