28 கிகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர்: அந்த 2.4 கிகா எங்கே போனது?

பகலில் எனக்கு பினாங்கு பாயான் லெப்பாசில் சிப்புகளைச் சோதிக்கும் வேலை. வடிவமைப்பதெல்லாம் ராத்திரியில், வீட்டு லேப்டாப்பில். அதனால் இங்கே வருபவை எல்லாம் இலவசக் கருவிகள்: எக்ஸ்ஸ்கெம் (சுற்று வரைய), என்ஜிஸ்பைஸ் (சிமுலேட் செய்ய), கேலேஅவுட் (லேஅவுட், அதாவது சிப்பின் அடுக்கு வரைபடம் போட), ஓபன்ஈஎம்எஸ் (மின்காந்தக் கணக்குக்கு, சுருக்கமாக ஈஎம்). பிடிகே (சிப் தயாரிப்பவர் தரும் வடிவமைப்புத் தொகுப்பு), ஜெர்மனியின் ஐஎச்பி ஆய்வு நிறுவனம் திறந்துவிட்ட எஸ்ஜி13ஜி2. 130 நானோமீட்டர்தானா என்று முகம் சுளிக்காதீர்கள். அதன் சிலிக்கான் ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்கு எஃப்மேக்ஸ் (அது பெருக்கித் தரக்கூடிய உச்ச அதிர்வெண்) 450 கிகாஹெர்ட்ஸ், நமக்குத் தாராளம்.

படி 1, டேங்க் (அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் இண்டக்டரும் கொள்ளளவும்): 100 பிக்கோஹென்றி இண்டக்டர் எடுத்தால் 28 கிகாவுக்கு மொத்தம் 323 ஃபெம்டோஃபேரட் வேண்டும். டிரான்சிஸ்டர், பஃபர், கம்பி எல்லாம் தின்றது போக மிச்சம்தான் வேரக்டருக்கு (மின்னழுத்தத்தால் கொள்ளளவை மாற்றி டியூன் செய்யும் உறுப்பு). நான் 100 ஃபெம்டோஃபேரட்டை முதலிலேயே கழித்துவிடுவேன்.

படி 2, டேங்கின் இழப்பை ஈடுகட்டும் குறுக்கே பிணைத்த டிரான்சிஸ்டர் ஜோடி: டேங்கின் க்யூ (தரக் காரணி) 10 என்றால் இணைத் தடை 176 ஓம். அலைவு தொடங்க ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் ஜிஎம் (உள்ளீட்டு மின்னழுத்தத்துக்கு எவ்வளவு மின்னோட்டம் மாறும் என்ற அளவு) குறைந்தது 11.4 மில்லிசீமன்ஸ். மூன்று மடங்கு வையுங்கள். ஒரு டிரான்சிஸ்டருக்குச் சுமார் 0.9 மில்லியாம்பியர் ஆகும்.

படி 3, லேஅவுட்: நான் சறுக்கியது இங்கேதான். எக்ஸ்ட்ராக்ஷன் (லேஅவுட்டின் கம்பி விளைவுகளைக் கணக்கிட்டு எடுப்பது) முடிந்தும் சிமுலேஷன் 28-ஐ ஒட்டியே காட்டியது. அன்று ஒட்டுக்கடையில் நண்பர்களுக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன், வீண் செலவு. நான் ஓட்டிய எக்ஸ்ட்ராக்ஷன் தடையையும் கொள்ளளவையும் மட்டுமே எடுக்கும். கம்பியின் இண்டக்டன்ஸ் அதன் கண்ணில் படாது. இண்டக்டரின் காலிலிருந்து கலெக்டர் வரை இரண்டு பக்கமும் கொஞ்சம் கம்பி விட்டிருந்தேன். அதையும் சேர்த்து ஓபன்ஈஎம்எஸ்ஸில் ஓட்டியபோது இண்டக்டன்ஸ் 100 பிக்கோஹென்றி இல்லை, 120. அதிர்வெண் 25.6 கிகா, அந்த 2.4 போனது இங்கேதான். வேரக்டரைக் குறைத்துச் சரிக்கட்டலாம்தான், ஆனால் டியூனிங் வீச்சு போய்விடும். சுருளைச் சின்னதாக்குங்கள், கால்களோடு சேர்த்தே 100 வரட்டும்.

அடுத்த சறுக்கல்: ஈஎம்மில் ஓட்டிய அதே உலோகத்தை எக்ஸ்ட்ராக்ஷனிலும் விட்டுவைத்தேன். ஒரே கொள்ளளவு இரண்டு தடவை கணக்கில் ஏறியது. லேஅவுட்டில் ஒரு எல்லைக் கோடு கிழியுங்கள். சுருள் பக்கம் ஈஎம்முக்கு, டிரான்சிஸ்டர் பக்கம் எக்ஸ்ட்ராக்ஷனுக்கு. கோட்டைத் தாண்டி எதுவும் நிற்கக் கூடாது.

பிற்சேர்க்கை: "அலையே வரவில்லை, நேர்க்கோடுதான்" என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். சிமுலேட்டரில் நிஜமான இரைச்சல் கிடையாது, யாராவது தட்டிவிட வேண்டும். தொடக்கத்தில் சின்னதாக ஒரு மின்னோட்டத் துடிப்பு கொடுங்கள். ஒரு சுற்று 35.7 பிக்கோசெகண்ட்தான், உச்ச நேரப்படியை அரை பிக்கோவுக்கு மேல் விடாதீர்கள். அதற்குப் பிறகும் ஒருவருக்கு அலை எழும்பி அடங்கிக்கொண்டே வந்தது. அவர் சிமுலேட்டரின் மெத்தடை (நேரப்படிகளைக் கணக்கிடும் முறை) கியரில் வைத்திருந்தார். கியர் தானாகவே அலைவை அமுக்கும். டிரெப்பிசாய்டலுக்கு மாற்றியதும் ஓடியது.